மண் தின்னாத துணி

புசல்லாவை
2.4.1994

தம்பி முத்துலிங்கத்துக்கு,

நீ நலமாய் இருப்பாய். நான் நலம் என்று எழுதினால் அது பொய். நட்ட முட்டைக்கோவா முழுக்க மஞ்சளாகிப் போய்விட்டது. ஒன்றிரண்டு அல்ல, மூன்று பாத்தியும். நட்டு ஐந்து வாரமாகிறது, ஒரு செடிகூட இலை சுருட்டி முட்டை கட்டுகிற நினைப்பில் இல்லை.

தைப்பொங்கலுக்கு வந்தபோது வாயில் வடையை வைத்துக்கொண்டு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "மண்ணு பட்டினி கெடக்குதுக்கா. மண்ணுக்கு காபன் வேணும். மரத்தூளக்கூட போடலாம்." அவ்வளவுதான் சொன்னாய். பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டாய். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மண்ணையே படிக்கிற தம்பி சொல்கிறானே என்று, நானும் பக்கத்துப் பாத்தி மூக்காயியும் தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு மெயின் ரோட்டு மர ஆலையிலிருந்து நான்கு சாக்கு மரத்தூளைத் தலையில் சுமந்து வந்தோம். இப்போதும் என் கழுத்து வலிக்கிறது.

மூக்காயி தன் பாத்தியில் தூளைப் போடவில்லை. எனக்கு மாட்டுச்சாணி போதும் என்று விட்டுவிட்டாள். ஒரே வரப்பு, ஒரே மழை, அவள் கோவா கறுகறுவென்று நிற்கிறது. "ஒன் தம்பி மண்ணப் பத்திப் படிச்சானா, மண்ணாங்கட்டியப் பத்திப் படிச்சானா?" என்று கேட்டு மலை முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆத்திரம் வந்தது.

என்ன செய்வது என்று உடனே எழுது. படிப்பைக் காட்டாமல் எழுது.

அக்கா ரத்தினம்மா


கட்டுகஸ்தோட்டை
7.4.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொன்னது மக்கிய மரத்தூள். சாணத்தோடு கலந்து, மூன்று மாதம் குவித்து வைத்து, கறுத்த பிறகு போடுவது. பச்சையாகக் கொண்டுபோய்க் கொத்திவிட்டு என்னைக் குறை சொன்னால் நான் என்ன செய்ய? பாதி கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். எப்போதும் இப்படித்தான்.

நடந்தது இதுதான். ஒரு பிடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, பக்டீரியா, பங்கசு என்கிற பூஞ்சணம் என்று பல சாதி. செத்த இலை, வேர், தூள் எல்லாவற்றையும் அவைதான் தின்று மண்ணாக்குகின்றன. மரத்தூளில் இருப்பது ஏறக்குறைய வெறும் காபன். காபனைத் தின்ன அவற்றுக்கு, பயிரைப் பச்சையாக வைக்கிற நைதரசனும் வேண்டும். நமக்கு முன்னால் சோற்றை மட்டும் குவித்து வைத்தால் கறிக்கு எங்கே போவோம்? பக்கத்து வீட்டுச் சட்டியைத் திறப்போம். அவையும் மண்ணில் கிடந்த நைதரசன் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுவிட்டன. கோவாவுக்கு ஒன்றும் மிச்சமில்லை, அதனால்தான் மஞ்சள். அந்த நைதரசன் எங்கும் ஓடிப்போகவில்லை. தூள் தீர்ந்ததும் அந்த உயிர்கள் சாகும், சாகும்போது மண்ணுக்கே திரும்பக் கொடுக்கும்.

நைதரசனுக்கு யூரியா போடலாம். ஆனால் இப்போதே போடவேண்டாம், மே மாதம் பிறக்கட்டும். அதுவரை பாத்தியை ஆழமாகக் கொத்தாதீர்கள், ஓரங்களைத் தொடவே வேண்டாம்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு வர முடியாது. மே கடைசிக்குள் என் ஆய்வு அறிக்கையைப் பேராசிரியரிடம் கொடுக்கவேண்டும். அதைக் கொடுத்தால்தான் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையை நிரந்தரமாக்குவார்கள்.

தம்பி
முத்துலிங்கம்


புசல்லாவை
18.4.1994

தம்பி,

உன் பக்டீரியாவையும் பங்கசையும் நீயே வைத்துக்கொள். காரணம் கிடைத்துவிட்டது.

வருஷப்பிறப்புக்கு மறுநாள் கீழ் லயத்துக் கோடாங்கி இருளப்பனை அழைத்து வந்தேன். வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் செடி ஒவ்வொன்றாய்ச் சாகிறபோது யார்தான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள்? உடுக்கை அடித்துக்கொண்டு பாத்தியைச் சுற்றி வந்தான். மூன்றாவது சுற்றில் அவன் கால் விரலில் ஒரு நைலோன் நூல் மாட்டியது. இழுத்தால், மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாண் நீள வெள்ளைத் துணி. மையால் இலக்கம் எழுதி, நூல் கட்டி, குச்சியில் சுற்றிப் புதைத்திருக்கிறது. ஓரம் முழுக்கத் தோண்டினோம். பன்னிரண்டு துணி. ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை இலக்கம்.

ஒரு துணிகூட இற்றுப்போகவில்லை, கடையிலிருந்து நேற்று வாங்கியதுபோல் இருந்தது. "பாத்தியா தாயி, மண்ணே திங்கப் பயப்படுது. இது பெரிய கை செஞ்ச செய்வினை," என்றான் இருளப்பன். யார் என்று அவன் பெயர் சொல்லவில்லை. "பக்கத்துலயே இருக்கிற கை," என்றான்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? வரப்புக்கு அந்தப் பக்கம் பச்சையாய் நிற்கிற பாத்தி யாருடையது?

மறுநாள் காலை, மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் லயத்து வரிசை வீடெல்லாம் குடத்தோடு நிற்கும்போது கேட்டுவிட்டேன். "ஏன்டி மூக்காயி, எங்கூடவே தூள் சொமந்து வந்து, எம் மண்ணுலயே பொதச்சியா?" அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரத்தினம், நீயா பேசுற?" என்றாள். அன்றிலிருந்து வேறு நிரையில் கொழுந்து எடுக்கிறாள். இருபத்திரண்டு வருடம் ஒரே நிரை. என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள், நாற்பது நாள் எழுந்து போகவில்லை. அவளே இப்படிச் செய்தால் நான் யாரை நம்புவேன் தம்பி?

செய்வினை போகக் கழிப்புக் கழித்துத் துணிகளை மகாவலியில் விடவேண்டும் என்கிறான் இருளப்பன்.

அக்கா


கட்டுகஸ்தோட்டை
21.4.1994

அக்கா,

அந்தத் துணிகளை ஆற்றில் விடாதீர்கள். எரிக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஒரு பழைய பத்திரிகைத் தாளில் வைத்து நிழலில் காய வையுங்கள். எந்தத் திகதியில் தோண்டினீர்கள் என்று சரியாக எழுதுங்கள்.

பேராதனையில் மனிதர்கள் மண்ணின் மூச்சை அளந்துகொண்டிருக்கிறார்கள், என் அக்கா உடுக்கைக்காரனைக் கூட்டி வருகிறார். மூக்காயி அக்கா அப்படிச் செய்கிறவரா? கொஞ்சமாவது யோசித்தீர்களா? உடனே போய்ப் பேசுங்கள்.

இன்னொன்று. மூக்காயி அக்கா தன் பாத்தியில் இப்போது ஏதாவது தோண்டுகிறாரா? அதையும் எழுதுங்கள்.

முத்துலிங்கம்


புசல்லாவை
28.4.1994

முத்துலிங்கம்,

ஆற்றில் விடாதே, கழுவாதே, திகதி எழுது என்கிறாய். செய்வினைத் துணிக்கு இத்தனை பத்தியம் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். துணிகளை எடுத்து உன் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

உனக்கு எழுதப் பழக்கியவள் நான். நாலாம் இலக்கத்தை நானே தவறாகப் பழகியிருந்தேன், வாலை இடது பக்கமாக மடித்துத் தூக்கி விடுவேன். உனக்கும் அப்படியே பழக்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கினாய், அப்படியும் மாற்றிக்கொள்ளவில்லை. இந்த வருடம் நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அந்த நாலு இருக்கிறது. நாலாவது துணியிலும் அதே நாலுதான்.

சிவராத்திரிக்கு வந்து, மறுநாள் விடிகிற நேரம் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாயே. என்ன பார்த்தாய்? மழுப்பாமல் எழுது.

ரத்தினம்மா


கட்டுகஸ்தோட்டை
4.5.1994

அன்புள்ள அக்காவுக்கு,

துணி என்னுடையதுதான்.

அது ஒரு சோதனை. பருத்தித் துணியும் காபன்தான். மண்ணில் புதைத்து வைத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். சில வாரம் கழித்து எடுத்து, ஓர் இயந்திரத்தில் இழுத்துப் பார்ப்போம். எவ்வளவு இலகுவாக அறுகிறதோ அவ்வளவுக்கு அங்கே உயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று அர்த்தம். உங்கள் துணி இற்றுப்போகாததற்குக் காரணம் செய்வினை இல்லை. தூளோடு மல்லுக்கட்டியே அவற்றுக்கு நைதரசன் தீர்ந்துவிட்டது. துணியைத் தின்ன வழியில்லாமல் நின்றுவிட்டன.

நம் பாத்தியில் மட்டும் புதைத்தால் ஒப்பிட முடியாது. அதனால் பதின்மூன்று முதல் இருபத்துநான்கு வரை மூக்காயி அக்கா பாத்தியிலும் புதைத்தேன். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அவர் கண்ணில் பட்டால் நீங்கள் வைத்தீர்கள் என்றுதான் நினைப்பார். இந்தப் பயத்தில்தான் அவர் ஏதாவது தோண்டுகிறாரா என்று கேட்டேன்.

சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் நீங்கள் தினமும் போய்க் கிளறிப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். காணிக்காரரின் சம்மதப் படிவம் ஒன்று கொடுக்கவேண்டும், அதில் உங்கள் பெயரை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இது வெளியே தெரிந்தால் பேராசிரியர் என் முகத்தில் விழிக்கமாட்டார். அதனால்தான் போன கடிதத்தில் வாய் திறக்கவில்லை.

இத்துடன் மூக்காயி அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறேன். அதைக் கொடுத்தால் போதும்.

தம்பி
முத்துலிங்கம்


புசல்லாவை
11.5.1994

முத்துலிங்கம்,

மூக்காயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு வருகிற கடிதத்தை எல்லாம் படித்துக் காட்டுகிறவள் நான்தான். இதையும் நான் படித்துக் காட்டினால், நானே கட்டிச் சொல்கிறேன் என்பாள். வேறு யாரையாவது வைத்துப் படித்தால் லயத்துக்கே தெரிந்துவிடும். இதுகூட உனக்குத் தோன்றவில்லை. உன் கடிதம் அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கிறது.

துணியைப் புதைத்ததை மன்னித்துவிடுவேன். என் பெயரில் கையெழுத்துப் போட்டதையும் மன்னிப்பேன், உனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தந்ததும் நான்தானே. என்னால் மன்னிக்க முடியாதது வேறு ஒன்று.

உன் ஏப்ரல் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். யூரியாவை இப்போதே போடவேண்டாம், மே பிறக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை. சிவராத்திரிக்கு நீ வந்தபோது நான் பச்சைத்தூளைக் கொத்தியிருந்ததைப் பார்த்தாய். செடி பட்டினி கிடக்கப்போகிறது என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். ஒரு கிண்ணம் யூரியா போடுக்கா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? உன் கணக்குக் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு துணியைப் புதைத்துவிட்டுப் போனாய். நான் தினமும் போய் மஞ்சள் இலையைக் கிள்ளிக் கிள்ளி எறிந்தேன். நீ பேராதனையில் உட்கார்ந்து அது சாகட்டும் என்று காத்திருந்தாய். நான் உனக்கு அக்காவா, பாத்தியா?

மூக்காயி இந்த மாதக் கடைசியில் கோவா வெட்டிவிட்டு உருளைக்கிழங்குக்காகக் கொத்தப் போகிறாள். கொத்தினால் பன்னிரண்டும் வெளியே வரும். அதற்கு முன்னால் நீ வா. பீலியடியில், நான் அவளைக் கேட்ட அதே இடத்தில், அதே சனத்துக்கு முன்னால் நின்று உன் வாயால் சொல். வராவிட்டால் எனக்குக் கடிதம் எழுதாதே.

ரத்தினம்மா


கட்டுகஸ்தோட்டை
17.5.1994

அக்கா,

உங்கள் கடிதத்துக்கு நாலு தரம் பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் கேட்டது சரி. எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

இந்த மாதம் வெசாக் லீவுக்கு வருகிறேன். மறுநாள் காலை பீலியடிக்கு நானே போகிறேன். நீங்கள் எனக்காகப் பரிந்து பேசவேண்டாம்.

முத்துலிங்கம்


புசல்லாவை
9.6.1994

தம்பி முத்துலிங்கத்துக்கு,

நீ அன்றைக்கு மத்தியான பஸ்ஸுக்கே போய்விட்டாய், அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

பீலியடியில் நீ காபன், நைதரசன் என்று தொடங்கியபோது சனம் சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. கடைசியில், "அக்கா கோவா சாகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல," என்றாயே, அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கு மூக்காயி சொன்னது இன்னும் என் காதில் கேட்கிறது. "சொல்லாமப் பொதச்சு, அடுத்தவ பயிரு சாகுறதப் பாத்துக்கிட்டு இருந்தா, அதுக்கு வேற என்னா பேரு தம்பி? இருளப்பன் சரியாத்தான் சொல்லியிருக்கான். கைதான் மாறிப்போச்சு." நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு உன்மேல் இரக்கம் வந்தது, ஆனால் அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றமாட்டேன். நானும் அந்த இடத்திலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்து என் வாசலில் நின்றாள். "பதிமூணாம் நம்பரு எங்க கெடக்குனு ஒன் தம்பி சொன்னானா?" என்றாள். இரண்டு பேரும் போனோம். என்னைத் தொடவிடாமல் பன்னிரண்டையும் அவளே தோண்டினாள். என் துணி எல்லாம் முழுசாக இருந்தது, அவளுடையதில் பாதி ஓட்டை. மண் தின்றிருக்கிறது. நீ சொன்னது சரி என்று அப்போதுதான் நம்பினேன். அவளும் நம்பினாள் என்று நினைக்கிறேன், வாயால் சொல்லவில்லை.

இந்தப் பொதியில் அவள் பாத்தித் துணி பன்னிரண்டும் இருக்கின்றன. மண்ணோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பீலியில் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டு, கல்லில் அடித்து, நீலம் முக்கிக் காய வைத்துவிட்டாள். கழுவவேண்டாம் என்று நீ எழுதியது எனக்கு ஞாபகம் வந்தபோது அவள் ஏழாவது துணியில் இருந்தாள். தடுத்தால் மறுபடியும் பேசாமல் போய்விடுவாளோ என்று பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன். கல்லில் அடித்ததில் ஐந்து கிழிந்துவிட்டது. "எரவலா வந்த பொருளக் கிழிச்சபடி குடுக்கப்படாது," என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எல்லா ஓட்டையையும் தைத்துவிட்டாள். வெள்ளை நூல் இல்லை, நீல நூல்.

என் வீட்டில் இன்னும் அவள் தேத்தண்ணி குடிக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை கொழுந்துக்குப் பழைய நிரைக்கே வந்துவிட்டாள். என் பாத்திக்குக் கோழி எரு போடச் சொன்னாள், போட்டேன். புதிதாய் நட்ட கோவா இனி நிறம் திரும்பும்.

அக்கா ரத்தினம்மா


கட்டுகஸ்தோட்டை
16.6.1994

அன்புள்ள அக்காவுக்கு,

பொதி கிடைத்தது. ஆய்வுகூடத்தில் வைத்துத்தான் பிரித்தேன். முதலில் என் வாயில் வந்த வார்த்தையை உங்களுக்கு எழுத முடியாது. மூன்று மாதம் மண்ணுக்குள் கிடந்த துணியை நீலம் போட்டுத் தைத்து அனுப்பினால் அதில் எதை அளப்பது? ஓட்டைதான் எனக்கு வேண்டியிருந்தது. ஓட்டையை எல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்.

யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை. பேசாமல் பதினான்காம் துணியை எடுத்து இயந்திரத்தில் மாட்டி இழுத்தேன். கொஞ்சம் இழுத்ததுமே அறுந்துவிட்டது. நீல நூலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுந்தது. அவர் தைத்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. மற்றப் பதினொன்றையும் இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

அறிக்கை கொடுக்கவேண்டிய நாளும் தாண்டிவிட்டது. பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், படிவத்தையும் சேர்த்து. அரை மணி நேரம் திட்டினார். இந்த வருடம் வேலை நிரந்தரமாகாது. அடுத்த மாரிக் காலத்தில் முதலிலிருந்து தொடங்கு, ஆனால் காணிக்காரரே கையெழுத்துப் போட்டால்தான் என்றார்.

இத்துடன் இரண்டு படிவம் வைத்திருக்கிறேன். பெயர் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். என்ன புதைப்பேன், எத்தனை நாள் இருக்கும், அதனால் உங்கள் பயிருக்கு என்ன கெடுதல் வரலாம் என்று பின்பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். மூக்காயி அக்காவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். அவர் முழுவதையும் கேட்ட பிறகு கைநாட்டு வைக்கட்டும். மாட்டேன் என்றால் நான் வரப்பில்கூடக் கால் வைக்கமாட்டேன்.

துணி என்ன ஆயிற்று என்று அவர் கேட்டால், வெகு சுத்தமாக வெளுத்திருக்கிறது, தையல் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அதில் பொய் இல்லை. சோதனை கெட்டுப்போனதை நீங்களும் அவரிடம் சொல்லவேண்டாம்.

தம்பி
முத்துலிங்கம்